பதிவேட்டின் ஓரத்தில் இரண்டு வரி

அந்தப் பதிவேட்டை எழுத்தர் இரண்டு கையாலும் தூக்கிவந்து மேசையில் வைத்தார். நல்ல கனம். பக்கத்தைப் புரட்டும்போது கஞ்சி போட்ட வேட்டியைப் பிரிக்கிற மாதிரி சத்தம் வந்தது. மை பழுப்பேறியிருந்தாலும் ஓர் எழுத்துகூட அழியவில்லை.

காரைக்கால் நகராட்சி அலுவலகம். காலை பதினொரு மணி இருக்கும். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கம் பறக்காமல் இருக்க எழுத்தர் ஒரு மூலையில் முத்திரைக் கட்டையை வைத்தார்.

"பழைய பிரெஞ்சுக் கையெழுத்துங்க. இதைப் படிக்கிறதுக்குன்னே ஒரு சார் இருக்காரு, அவரு மத்தியானம்தான் வருவாரு. அதுவரைக்கும் நானே கூட்டிப் பாக்குறேன்" என்றார்.

விரலை வைத்து எழுத்துக்கூட்டத் தொடங்கியவர் மூன்றாவது வார்த்தையில் நின்றுவிட்டார். திரும்ப முதலிலிருந்து வந்தார். அதே இடத்தில் மறுபடியும் நின்றார்.

சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்தாள். கைப்பையை என்னிடம் கொடுத்தாள். பதிவேட்டைத் தன் பக்கம் லேசாகத் திருப்பிக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள்.

பிரெஞ்சில்.

எனக்கு அப்போது வயது நாற்பது. என் அம்மா ஏழாவது வரை படித்தவள், காரைக்காலில் பிறந்தவள், தமிழ் வார இதழ்களை அட்டை முதல் அட்டை வரை வாசிப்பவள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவள் வாயிலிருந்து அந்த பாஷையில் ஒரு சொல் விழுந்து நான் கேட்டதில்லை. இப்போது தடங்கல் இல்லாமல், வகுப்பில் எழுந்து நின்று ஒப்பிக்கிற பெண் மாதிரி, கொஞ்சம் மூக்கால் ராகம் போட்டுப் படிக்கிறாள். குரல்கூட வேறாக இருந்தது.

எழுத்தர் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"எங்க படிச்சீங்கம்மா?" என்றார் எழுத்தர்.

"இங்கதான். சிஸ்டருங்க பள்ளிக்கூடத்துல."

விரல் பக்கத்தின் கடைசி வரியைத் தாண்டி, இடது ஓரத்துக்குப் போனது. அங்கே சின்ன எழுத்தில் வேறு ஏதோ இருந்தது. அம்மாவின் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

எனக்குப் பிடித்த காகிதப் பைத்தியம்

நாங்கள் அங்கே போய் நின்றதற்கு முழுக் காரணம் நான்தான். அதைச் சொல்லிவிட வேண்டும்.

அப்போது நான் கடலூரில் குடியிருந்தேன். சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையில் ஷிப்ட் வேலை. என்னோடு அதே ஷிப்டில் இருந்தவன் முருகையன், தேவனாம்பட்டினத்துக்காரன். சுனாமி வந்த காலையில் அவன் வேலையில் இருந்தான். வீட்டு ஆட்கள் கோயில் பக்கம் ஓடித் தப்பித்தார்கள். வீட்டுக்குள் இருந்தது எதுவும் மிஞ்சவில்லை. பீரோவே போய்விட்டது. அதிலிருந்த ரேஷன் அட்டை, பள்ளிச் சான்றிதழ், பத்திரம், எல்லாம் போயின.

அதற்குப் பிறகு பல மாதம் அவன் ஒரு பிளாஸ்டிக் பையோடு அலைந்தான். நான் இன்னார் மகன், இந்த வீட்டில்தான் இருந்தேன், இவள் என் மனைவி. ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதம் வேண்டும். வார விடுமுறை நாட்களில் நானும் கூடப் போவேன். ஒருநாள் ஆட்சியர் அலுவலக வாசலில் டீ குடிக்கும்போது சொன்னான்: "மச்சான், அலை வந்து என்னை வுட்டுட்டுப் போச்சு. இந்தப் பேப்பருதான் என்னைச் செத்தவனாக்கிடும் போலருக்கு."

அன்றிலிருந்து எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. வீட்டில் எல்லாருக்கும் எல்லாச் சான்றிதழும் இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் மூன்று நகல். என் மனைவி கேலி செய்வாள். நான் விடவில்லை. அப்பாவுக்கு, எனக்கு, பிள்ளைகளுக்கு எல்லாம் வாங்கி அடுக்கிவிட்டேன்.

மிச்சம் அம்மா மட்டும்தான்.

அந்த நேரத்தில் சிங்கப்பூரில் இருந்த என் தங்கை செல்வி முழுகாமல் இருந்தாள். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து. பிரசவத்துக்கு அம்மா கூட இருக்க வேண்டும் என்றாள். அம்மாவுக்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். ரேஷன் அட்டையில் ஒரு வயது, வாக்காளர் அட்டையில் ஒரு வயது.

"அஃபிடவிட்டு போதும்னு அந்த ஏஜெண்ட்டு சொன்னாரே" என்றாள் அம்மா.

"பொறந்த சர்ட்டிபிகேட் இருந்தா ஒரு பிரச்சனையும் இல்லம்மா. காரைக்காலு எங்கயோவா இருக்கு? காலையில போனா சாயங்காலம் வந்துடலாம்."

"அங்க யாரு இருக்கா நமக்கு?"

"பதிவேடு இருக்கும்ல."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பிறகு யோசித்துப் பார்த்தால், அம்மா எப்போதும் இப்படித்தான் இருந்திருக்கிறாள். அவர்கள் இருக்கிற சிதம்பரத்து வீட்டை அவள் பேருக்கு எழுதலாம் என்று அப்பா சொன்னபோது, வேண்டவே வேண்டாம் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாள். கணக்கெடுக்க வருகிறவர்கள் தெருவில் நுழைந்தால் கொல்லைப்பக்கம் போய்விடுவாள். காரைக்காலில் சொந்த அத்தை இறந்த சேதி எப்படியோ வந்தபோதுகூடப் போகவில்லை, காய்ச்சல் என்று படுத்துக்கொண்டாள். கூச்ச சுபாவம் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

மூன்று வாரம் நச்சரித்தேன். கடைசியில் ஒரு புதன்கிழமை, என் விடுமுறை நாளில், கிளம்பினாள்.

நண்டலாறு தாண்டி

அது ரயில் பாதையை அகலமாக்குகிறோம் என்று தண்டவாளத்தைப் பெயர்த்துப் போட்டிருந்த காலம். சிதம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்து ரிட்டையர் ஆன என் அப்பாவுக்கு அதில் தீராத வருத்தம். "பஸ்ஸுலயா போறீங்க" என்று கேட்டுவிட்டு, ஏதோ அவமானப்பட்டவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கொள்ளிடம் பாலத்தில் பஸ் ஏறும்போது நல்ல காற்று. ஆற்றில் தண்ணீர் ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. நான் பள்ளிச் சுற்றுலா போகிற சந்தோஷத்தில் இருந்தேன். அம்மாவோடு தனியாக எங்கேயும் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. சீர்காழியில் வெள்ளரிப்பிஞ்சு வாங்கிக் கொடுத்தேன். கையிலேயே வைத்திருந்தாள்.

பொறையார் தாண்டி நண்டலாற்றுப் பாலம் வந்தது. அதற்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் புதுச்சேரி மாநிலம். எல்லை என்று தெரிய வேறு அடையாளம் வேண்டாம். பாலம் இறங்கியதுமே இரண்டு பக்கமும் சாராயக் கடைகள் வரிசையாக வந்துவிடும். பஸ்ஸில் பாதிப் பேர் அங்கேயே இறங்கினார்கள்.

அம்மா முந்தானையை எடுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். குளிர்கிற மாதிரி, அந்த வெயிலில்.

காரைக்காலை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அடிமட்டம் வைத்துக் கோடு போட்ட மாதிரி தெருக்கள். ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரியும். மாதா கோயிலின் உயரமான கோபுரம். மாடியில் மரக்கதவு வைத்த பழைய வீடுகள், அவற்றின் நடுவே செல்போன் கடைகள். நான் ஆட்டோ ஸ்டாண்டில் வழி கேட்கத் திரும்புவதற்குள் அம்மா நடக்கத் தொடங்கியிருந்தாள். இரண்டு தெரு தாண்டி, ஒரு மூலையில் இடது பக்கம் திரும்பி, யாரையும் கேட்காமல், நேரே போனாள்.

"இங்க ஒரு ரொட்டிக் கடை இருந்துச்சு" என்றாள், ஒரு செருப்புக் கடையைப் பார்த்து. நிற்காமல் நடந்தாள்.

பக்கிரிசாமி

அம்மா ஓரத்தில் நிறுத்தியதை எழுத்தர் கவனித்தார். கண் சரியாகத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார். உதவுகிற எண்ணத்தில் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினார்.

"ஓ, இது கல்யாணம். இந்த வார்த்தை எனக்குத் தெரியும். அவுங்க காலத்துல அப்பிடித்தாங்க, பொறப்பு எழுதுன பக்கத்து ஓரத்துலயே பின்னால நடக்குறதெல்லாம் எழுதிடுவாங்க." விரலை நகர்த்தினார். "வீட்டுக்காரர் பேரு பக்கிரிசாமி. சரிதானம்மா?"

என் அப்பாவின் பெயர் தணிகாசலம்.

"இல்ல சார், இது வேற யாருதோ. நல்லாப் பாருங்க" என்றேன்.

அவர் நிதானமாக மறுபடியும் பார்த்தார். சௌந்தரவல்லி. அப்பா பெயர், அம்மா பெயர், தெரு, எல்லாம் நாங்கள் எழுதிக் கொடுத்த சீட்டில் இருந்தபடியே இருந்தன. தலை நிமிர்ந்தவர் என் முகத்தையும் அம்மா முகத்தையும் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கு இன்னும் புரியவில்லை. புரிந்துகொள்ள மறுத்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் சரி.

"அம்மா" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை.

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கியது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். முதலில் நான் நினைத்தது என்னைப் பற்றித்தான். என் மூக்கு, என் நெற்றி, என் நடை, இதெல்லாம் யாருடையது என்று ஒரு நிமிஷம் கணக்குப் போட்டேன். அப்பாவின் முகத்தை மனதுக்குள் கொண்டுவந்து என் முகத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

எழுத்தர் நல்ல மனிதர். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பாஸ்போர்ட்டுக்குத்தானே? பொறந்த தேதி, ஊரு, தாய் தகப்பன் பேரு, இது மட்டும் இருக்கற மாதிரி சின்ன நகல் ஒண்ணு தரலாம். ஓரத்துல உள்ளது அதுல வராது. அதையே வாங்கிக்குங்க."

"அதான் சார் வேணும்" என்றேன் அவசரமாக.

"இருங்க" என்றாள் அம்மா.

பதிவேட்டின் மேல் குனிந்தாள். கல்யாண வரிக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. வேறு மை, வேறு கையெழுத்து, இன்னும் பொடி எழுத்து. அதைப் படித்தாள். விரலை வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுவந்து மறுபடியும் படித்தாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், இந்தத் தேதிய நீங்க ஒருதரம் படிங்க."

அவர் படித்தார்.

"வருஷம்?"

அதையும் படித்தார்.

"இன்னொருதரம்."

மூன்றாவது முறையும் பொறுமையாகப் படித்தார். அம்மா நிமிர்ந்தாள்.

"எனக்குச் சின்ன நகலு வேணாம். ஓரத்துல இருக்கற ரெண்டு வரியோட முழுசா எழுதிக் குடுங்க."

அரசலாற்றுக் கரையில்

நகல் மூன்று மணிக்குத்தான் தயாராகும் என்றார்கள். அம்மா முன்னால் நடந்தாள். நான் அவள் கைப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். ஆற்றங்கரைக்கு வந்து, நிழல் இருந்த இடமாகப் பார்த்து ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். அரசலாறு அங்கே கடலை நெருங்கிவிட்டதால் அகலமாக, அசைவில்லாமல் கிடந்தது. எதிர்க்கரையில் விசைப்படகுகள் கட்டிக் கிடந்தன. டீசல் வாடையும் கருவாட்டு வாடையும் கலந்து வந்தன.

நான் கேட்ட முதல் கேள்வி இது: "அப்பாவுக்குத் தெரியுமா?"

உனக்கு என்ன ஆச்சு, நீ எப்படி இருந்தாய் என்று கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை.

"தெரியாது" என்றாள்.

பிறகு ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பதினெட்டு வயசு எனக்கு. அவரு அப்பாவும் சொல்தா, இவரும் சொல்தா." பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தவர்களுக்கு அங்கே அதுதான் பெயர். "சொல்தா வூட்டுக் கல்யாணம்னா கோயில்ல தாலி கட்டுனா மட்டும் பத்தாது. ஆபீசுக்கும் போயி எழுதணும். எல்லாரும் கைநாட்டு வச்சாங்க. நான் பிரெஞ்சுல கையெழுத்துப் போட்டேன். எங்கப்பாவுக்குப் பெருமை தாங்கல."

"எத்தன நாளு?"

"இருவத்தாறு நாளு. பாண்டிச்சேரியில கப்பல் ஏறிட்டாரு. காயிதம் வரும். அவரு அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் படிச்சுக் காட்டுவேன். ரெண்டு வருஷம் வந்துச்சு. அப்புறம் எங்கப்பா பேருக்கு ஒரு காயிதம் வந்துச்சு, பட்டாளத்துல யாரையோ வச்சுப் பிரெஞ்சுல எழுதுனது. எங்கப்பாவுக்குப் பிரெஞ்சு தெரியாதுல்ல."

அங்கே நிறுத்தினாள். எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று.

"நீதான் படிச்சியா?"

"நான்தான் படிச்சேன். அங்க ஒருத்தியோட குடும்பம் ஆயிடுச்சு, திரும்பி வரப்போறதில்ல, உங்க பொண்ணுக்கு வேற வழி பாத்துக்குங்கன்னு எழுதியிருந்தாரு. ஒவ்வொரு வரியா பிரெஞ்சுல படிச்சு, ஒவ்வொரு வரியா தமிழ்ல சொன்னேன். எங்கப்பா 'ம், மேல படி'ன்னாரு. கடைசி வரைக்கும் படிச்சேன். அதோட அந்த பாஷைய வுட்டுட்டேன்."

தாத்தா அந்த மாதமே வீட்டைப் பூட்டிக்கொண்டு, யாருக்கும் விலாசம் சொல்லாமல், சிதம்பரத்துக்கு வந்துவிட்டார். அங்கே அவருக்குத் தெரிந்த ஒருவர் பாத்திரக் கடை வைத்திருந்தார். அதில் வேலைக்குச் சேர்ந்தார். கொஞ்ச காலம் கழித்து, ரயில்வேயில் வேலை பார்க்கிற பையன் என்று என் அப்பாவைப் பார்த்துக் கட்டிவைத்தார்.

"கன்னிப் பொண்ணுன்னு சொல்லித்தான் கட்டி வச்சாரு. நானும் வாயத் தெறக்கல. தீத்து வுடாத கல்யாணம் ஒண்ணு ஆபீசு நோட்டுல இருக்கு. இதுல இன்னொரு தாலி. எவனாச்சும் அந்த நோட்டத் தூக்கிட்டு வந்து, இந்தக் கல்யாணம் செல்லாது, இந்தப் புள்ளைங்க ரெண்டும் முறையில்லாததுன்னு சொல்லிட்டா? நீ பொறந்தப்ப அதான் நெனச்சேன். செல்வி பொறந்தப்பவும் அதான் நெனச்சேன். ஏதாச்சும் பேப்பருல கையெழுத்துப் போடச் சொன்னா எங்கயாச்சும் ஓடி ஒளிஞ்சுக்கத் தோணும்."

"ரெண்டாவது வரி என்னம்மா?"

அவள் திரும்பி முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"தீத்து வுட்டுட்டாங்கடா. பிரான்சு கோர்ட்டுல. அவருதான் கேட்டு வாங்கியிருக்காரு. எங்களுக்கும் நோட்டீசு வந்துருக்கும், வீடு பூட்டிக் கெடந்துருக்கும். சனவரி மாசம் தீர்ப்பு. எனக்கும் உங்கப்பாவுக்கும் அதே வருஷம் ஆவணியில கல்யாணம். ஏழு மாசம் முன்னாடியே முடிஞ்சு போயிருக்கு."

"அப்ப ஒரு தப்பும் இல்லியேம்மா" என்றேன். எனக்குப் போன உயிர் வந்தது.

"அதாண்டா. ஒண்ணும் இல்ல."

அவள் முகத்தில் நிம்மதி இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. யாரோ ஓங்கி அறைந்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

"ஒண்ணுமே இல்ல. நாப்பத்திரெண்டு வருஷம் ஒண்ணுமில்லாததுக்கு பயந்துருக்கேன்."

நான் என்னென்னவோ சமாதானம் சொன்னேன். எதுவும் அவள் காதில் ஏறவில்லை. வெகுநேரம் கழித்து, பசிக்கிறது என்றாள். பக்கத்தில் ஒரு ஓட்டலில் மீன் சாப்பாடு. என்னால் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அவள் இரண்டாம் தடவை சோறு வாங்கி, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து இலையோரம் வைத்துவிட்டு, முழுதும் சாப்பிட்டாள்.

பையில என்ன?

திரும்பும்போது நண்டலாற்றுச் சோதனைச்சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் பாட்டில் கடத்துகிறவர்களைப் பிடிக்க போலீஸ்காரர் ஏறி ஒவ்வொரு பையாக அமுக்கிப் பார்த்தார். அம்மா மடியில் பையை இறுகப் பிடித்திருந்ததைப் பார்த்து நின்றார்.

"பையில என்னம்மா?"

"பேப்பரு."

"என்ன பேப்பரு?"

"என் பேப்பரு."

அவர் அமுக்கிப் பார்த்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார்.

சீர்காழி வரும்வரை தைரியம் திரட்டிக்கொண்டு நான் சொன்னேன்: "அம்மா, அப்பாகிட்ட சொல்ல வேணாம். அவருக்கு எழுபது தாண்டிடுச்சு. நான் இன்னொரு நாளு வந்து சின்ன நகல் வாங்கிக்குறேன். இதக் கிழிச்சிப் போட்டுடலாம். தப்புதான் ஒண்ணும் இல்லியே."

"இத்தன நாளு பயத்துல சொல்லல. இப்பப் பயம் இல்ல. இனிமேயும் சொல்லலன்னா அதுக்குப் பேரு வேற" என்றாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா வானொலியில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். "கெடைச்சுதா?" என்றார். அம்மா காலைக்கூடக் கழுவவில்லை. வானொலியை நிறுத்திவிட்டு எதிரில் உட்கார்ந்து காகிதத்தை எடுத்தாள். ஒரு வரி பிரெஞ்சில் படித்தாள், ஒரு வரி தமிழில் சொன்னாள். ஓரத்து வரிகளையும் அப்படியே படித்தாள். தன் அப்பாவுக்கு அன்று படித்துக் காட்டியதும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தபோது எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

 முடிந்ததும் அப்பா எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

அரை மணி கழித்து நான் தேடிப் போனேன். ஸ்டேஷனில் இருந்தார். ரயிலே வராத பிளாட்பாரத்தில், பெயர்த்துப் போட்ட தண்டவாளத்துக்கு எதிரே, பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். இன்னும் வெளிச்சம் இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றார்.

"இன்னிக்குக் காலையிலதாம்ப்பா."

"சரி. அப்ப நான் மட்டும் முட்டாளு இல்ல."

 வீட்டுக்கு வந்தார், போட்டதைச் சாப்பிட்டார். அம்மாவிடம் ஒரு சொல் பேசவில்லை.

பதின்மூன்றாம் நாள்

அம்மாவுக்குப் பாஸ்போர்ட் வந்தது. அந்த முழு நகலைத்தான் கொடுத்தோம், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. செல்விக்குப் பெண் குழந்தை. அம்மா மூன்று மாதம் சிங்கப்பூரில் இருந்துவிட்டு வந்தாள். இதெல்லாம் பின்னால் நடந்தது.

அதற்கு முன் அந்த வீட்டில் பன்னிரண்டு நாள் பேச்சில்லை. நான் தினமும் ஷிப்ட் முடிந்து கடலூரிலிருந்து போன் செய்வேன். அப்பா எடுத்தால் "ம், இரு" என்று சொல்லிவிட்டு ரிசீவரை மேசையில் வைத்துவிடுவார். அம்மா வந்து எடுப்பாள். "சாப்பிட்டாரா?" என்பேன். "சாப்பிட்டாரு" என்பாள். நானே கிளறிவிட்டேன், நானே கெடுத்துவிட்டேன் என்று மனசு அடித்துக்கொண்டது. முருகையனிடம்கூடச் சொல்லவில்லை.

இந்த வயதில் அப்பா வீட்டைவிட்டுப் போய்விடுவாரோ, அம்மாவைப் போகச் சொல்வாரோ என்றெல்லாம் பயந்தேன். கடைசியில் பொறுக்க முடியாமல் லீவு போட்டுவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்துச் சிதம்பரம் போனேன்.

நான் போனபோது காலை ஏழு மணி. அப்பா கூடத்தில் நாற்காலியில் இருந்தார். அம்மா காபியைக் கொண்டுவந்து அவர் எதிரில் வைத்துவிட்டு, வழக்கம்போலத் திரும்பினாள்.

"வல்லி" என்றார்.

அவள் நின்றாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன், செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

அப்பா தொண்டையைச் செருமினார். பன்னிரண்டு நாள் பேசாததில் குரல் கரகரத்தது. கோபமாக ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அந்த ஆளைப் பற்றி, அந்த இருபத்தாறு நாளைப் பற்றி.

"நாப்பத்திரெண்டு வருஷம் இதை வச்சுகிட்டு எப்பிடித் தூங்குன?"

அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். 

"தூங்குறியான்னு நீங்க ஒரு நாளும் கேக்கலியே" என்றாள்.

அப்பாவின் முகம் அப்போது மாறியதை நான் பார்த்தேன். ஸ்டேஷன் பெஞ்சில்கூட அவர் அப்படி இல்லை.  காபி ஆறிக்கொண்டிருந்தது.

"இப்பக் கேக்குறேன்ல" என்றார்.

"இப்பத் தூங்குறேன்" என்றாள் அம்மா.